பாதி விலையின் மறுபாதி

உவர்க்கரை நாட்டில் எருமைகள் உப்பு விளைவித்தன. கேட்டால் சிரிப்பு வரும். எருமைக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். ஆனால் உப்புப் பாத்தியின் தரை கல் மாதிரி இறுகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்போடு சேறும் கூடவே வந்துவிடும். அந்தத் தரையை மிதித்து மிதித்து இறுக்க எருமையை விட்டால் யார் இருக்கிறார்கள்? யானையை இறக்கினால் பாத்தியே காணாமல் போய்விடும்.

நண்டுகள் வரப்பு கட்டின. பூநாரைகள் நெட்டைக் காலால் நீரைக் கலக்கிவிட்டன. தூக்கணாங்குருவிகள் பனையோலையில் கூடை பின்னின. மீதியை வெயில் பார்த்துக்கொண்டது. தை பிறந்ததும் தொடங்கும் வேலை ஆடிக் காற்று வரை ஓயாது.

அந்தக் கரையில் வேறொன்றும் விளையாது. புல்கூட மாசியிலேயே கருகிவிடும். ஆனாலும் கரையாருக்கு இருந்த மிடுக்கைப் பார்க்க வேண்டுமே! "எங்க உப்புல ஒரு பொட்டுச் சேறு காட்டுங்க பார்ப்போம்" என்று வழிப்போக்கரையெல்லாம் நிறுத்திக் கேட்பார்கள். யாராலும் காட்ட முடிந்ததில்லை.

கரையில் சரிபாதி இடத்தில் அலையாத்திக் காடு நின்றது. சேற்றில் வேரை ஊன்றி, கடலைப் பார்த்து நின்ற காடு. அதற்குள் யாரும் பாத்தி கட்டியதில்லை. கட்டவும் கூடாது என்று கரையார் வைத்திருந்தார்கள். அதனால் உப்பு கொஞ்சமாகத்தான் விளைந்தது.

ஆற்றின் மேல்கோடியில் தேன்மலை நாடு. அங்கே பலா உண்டு, நெல்லி உண்டு, மூங்கில் உண்டு, இடுப்பளவு புல்லும் உண்டு. உப்பு மட்டும் கிடையாது. உப்பு இல்லாமல் யானையும் மானும் எவ்வளவு தின்றாலும் உடம்பு தேறாது. குட்டிகள் எழுந்து நிற்கவே தடுமாறும். ஆகவே மலையாருக்குக் கரை வேண்டும். கோடையில் கன்றுகளைக் காப்பாற்றக் கரையாருக்கு மலை வேண்டும்.

இரண்டு நாட்டுக்கும் நடுவே, ஆற்றோரம், பந்திப்பாய் விரித்த மாதிரி ஒரு தட்டைப் பாறை இருந்தது. வியாபாரம் அங்கேதான். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. அந்தப் பாறையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. எந்தக் காலத்திலோ பேரம் பேசப் போய்க் கொம்பும் தந்தமும் மோதிக்கொண்டதில் வந்த ஏற்பாடு அது. கரையார் உப்பைக் குவித்துவிட்டு விலகி நிற்பார்கள். மலையார் வந்து எதிரே தீவனத்தைக் குவித்துவிட்டு விலகுவார்கள். மனம் ஒப்பினால் கரையார் தீவனத்தை எடுத்துக்கொள்வார்கள், பேரம் முடிந்தது. ஒப்பாவிட்டால் தொடாமல் நிற்பார்கள். மலையார் இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம், அல்லது தங்கள் குவியலை எடுத்துக்கொண்டு போகலாம். யாராவது பேசிவிட்டால் பேரம் முறிந்தது.

அளவும் உண்டு. உப்பு எருமையின் முழங்கால் உயரம். தீவனம் யானையின் முழங்கால் உயரம். ஒரு தடவை மலையார் ஒரு குட்டியானையைக் கொண்டுவந்து நிறுத்தி அளந்து பார்த்தார்கள். எருமைகள் குட்டியையே பார்த்துக்கொண்டு நின்றன. மலையாருக்கே வெட்கமாகி, போய்ப் பெரிய யானையை அழைத்து வந்தார்கள். அதற்குப் பிறகு அளவு மாறவே இல்லை.

கரையாருக்குத் தலைவி வளைகொம்பி என்ற எருமை. முதல் கூடையை எப்போதும் அவள்தான் சுமப்பாள். அந்த வருஷம் அவளுக்கு ஒரு கன்று பிறந்திருந்தது. கருமணி என்று பேர் வைத்திருந்தாள். கன்று இன்னும் பால்குடி. "மலைத் தீவனம் வரட்டும். அம்மாவுக்குப் பால் ஊறும். உனக்கு வயிறு நிறையும்" என்று அதன் நெற்றியை நக்கிவிட்டுத்தான் புறப்பட்டாள்.

பாறையில் முழங்கால் உயரம் உப்பைக் குவித்தார்கள். வெயிலில் அது கண்ணைப் பறித்தது. எருமைகள் பெருமையாக விலகி நின்றன.

மலையார் வந்தார்கள். தீவனத்தைக் குவித்தார்கள். வளைகொம்பி எட்டிப் பார்த்தாள். யானையின் முழங்காலுக்குப் பாதிதான் இருந்தது.

அவள் தொடவில்லை. சேர்ப்பார்கள் என்று காத்திருந்தாள். வெயில் சாய்ந்தது. மலையார் திரும்பி வந்து, ஒரு பார்வைகூடப் பார்க்காமல், தங்கள் தீவனத்தை அள்ளிக்கொண்டு மலையேறிவிட்டார்கள்.

இப்படி ஒருநாளும் நடந்ததில்லை. எருமைகள் கொண்டுபோன உப்பைத் திரும்பச் சுமந்து வந்தன. போகும்போது இல்லாத கனம் வரும்போது இருந்தது. கருமணி ஓடிவந்து தாயின் வாயை முகர்ந்து பார்த்தது. மலைப்புல் வாசனை இல்லை. வளைகொம்பி அதன் நெற்றியை நக்கிவிட்டாள்.

என்ன நடந்தது என்பதைச் சொல்ல நீர்க்காகம் பறந்து வந்தான். அவனுக்கு எல்லா நாட்டிலும் போக்குவரத்து உண்டு. நனைந்த இறக்கையைக் காயவைக்க அகல விரித்துக்கொண்டு நின்றான் என்றால், ஏதோ பெரிய மனிதர் சபையில் கை விரித்துப் பேசுவது மாதிரி இருக்கும். விஷயம் பாதி, தோரணை பாதி.

"தலைவியம்மா, சங்கதி தெரியாதா? தெக்கால மணல்முனையில காட்டுப்பன்னிங்க உப்பு போட ஆரம்பிச்சிருக்கு. நீங்க கேக்குறதுல பாதிக்கே குடுக்குது. மலையார் ஏன் உங்ககிட்ட வரணும்?"

"பாதிக்கு எப்படிக் கட்டுப்படியாகும்?" என்று கேட்டாள் வளைகொம்பி. "வெயில் அங்கயும் இதே வெயில்தானே. கடல் இதே கடல்தானே."

"இடம் இருக்கே அம்மா. அவங்க அலையாத்திக் காட்டை மொத்தமா பேத்து எறிஞ்சிட்டாங்க. கரை முழுக்கப் பாத்தி. நீங்க பாதிக் கரையைச் சும்மா போட்டுவெச்சிருக்கீங்க. நீங்களும் பேத்துட்டா, இருமடங்கு உப்பு. நீங்களும் பாதிக்குக் குடுக்கலாம்."

கரையார் கூடிப் பேசினார்கள். எருமைத் தாய்மார்கள் முன்னால் வந்து நின்றார்கள். அவர்களில் மூக்கி என்பவள் வாய்த்துடுக்கானவள்.

"அக்கா, மரத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தா கன்னு பிழைக்குமா? பேத்துடுவோம்" என்றாள்.

கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு சிவப்புக் கொடுக்கு உயர்ந்தது. ஒற்றைக்கையன் என்ற சேற்று நண்டு. ஒரு கொடுக்கு பெரிசு, இன்னொன்று இருக்கிறதா என்று தேடவேண்டும். பேச எழுந்தால் பெரிய கொடுக்கை ஆட்டிக்கொண்டேதான் பேசுவான். ஊரிலேயே பெரிய வாய்க்காரன்.

"யாரு வீட்டை யாரு பேக்குறது? அலையாத்தி வேருக்குள்ளதான் எங்க சனம் மொத்தமும் குடியிருக்கு. அந்த வேரு இல்லாட்டி வரப்புக் கட்டச் சேறு எங்கேருந்து வரும்? நான் கட்டுன வரப்பு ஒண்ணாவது உடைஞ்சிருக்கா, சொல்லுங்க."

"போன வருஷம் ஒண்ணு உடைஞ்சுது அண்ணே" என்றது ஒரு பூநாரை.

"அது என் மச்சான் கட்டுனது" என்றான் ஒற்றைக்கையன்.

சபையில் சிரிப்பு எழுந்தது. மூக்கி சிரிக்கவில்லை. அவள் மடியும் வற்றிக்கொண்டுதான் இருந்தது. வளைகொம்பி எல்லார் முகத்தையும் பார்த்தாள். அவளுக்கும் காட்டின்மேல் ஒன்றும் பெரிய காதல் இல்லை, கன்றின்மேல்தான் இருந்தது.

"ஒருதரம் மணல்முனைக்குப் போய்ப் பார்த்துட்டு வர்றேன். அதுவரைக்கும் யாரும் ஒரு வேரைத் தொடக் கூடாது" என்றாள்.

கடல் வற்றி இறங்கிய வேளையில் கரையோரமாகவே நடந்து போனாள். மணல்முனையைப் பார்த்ததும் அவள் கால் நின்றுவிட்டது. கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்பு. வெள்ளை வெளேரென்று பாத்திமேல் பாத்தி. ஒரு மரம் இல்லை. பன்றித் தலைவன் கோரையன் வயிறு குலுங்க எதிரே வந்தான்.

"வாம்மா வா. பொழைக்கத் தெரிஞ்சவங்க எப்படிப் பொழைக்கிறாங்கன்னு பார்க்க வந்தியா? நல்லா பாரு."

அவளும் நன்றாகத்தான் பார்த்தாள். கடலோரத்து வரப்பைப் பன்றிகள் மூச்சிரைக்க அடைத்துக்கொண்டிருந்தன. காலையில் அடைத்ததை மாலையில் அலை கரைத்துவிடுகிறது. வரப்பு நிற்பதற்காக வரிசையாக மூங்கில் அடித்திருந்தார்கள். தேன்மலை மூங்கில்.

"இது ஏது?" என்று கேட்டாள்.

"மலையார் குடுக்குறது. உப்பு வேணும்னா தீவனத்தோட மூங்கிலும் வேணும்னு சொல்லிட்டோம். ஆத்தோரத்துல இருக்குறதை வெட்டி ஆத்துலயே விட்டுடுறாங்க. மிதந்து வந்துடுது."

வளைகொம்பிக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்த வருஷம் ஆறு ஏன் இப்படிக் கலங்கி வருகிறது என்று அவள் யோசித்ததுண்டு; மூங்கில் போன இடத்தில் கரை இடிந்து சேறு கலக்கிறது. தாகமாக இருக்கிறது என்று கிணற்றடிக்குப் போனாள். வாய் வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தடுக்கக் காடு இல்லாமல் கடல்நீர் கசிந்து, கிணறு உப்புக் கரித்தது.

"குடிக்கத் தண்ணி?"

"அது கொஞ்ச நாளாத்தான் இப்படி. அப்பால போய்க் கொண்டாந்துக்குவோம்" என்று கோரையன் வேறு பக்கம் பார்த்தான்.

கீழே கிடந்த உப்பில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். பல்லில் மணல் நறநறத்தது. அதைத் துப்பினாள். திரும்பி நடந்தபோது அவள் தலை, வந்தபோது இருந்ததைவிடக் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

சபையில் அவள் சுருக்கமாகச் சொன்னாள். "அவங்க உப்பு விக்கலை. கரையை வித்துக்கிட்டு இருக்காங்க. தீர்ற வரைக்கும் விப்பாங்க. நாம அந்த வியாபாரத்துக்கு வர்றதா இல்லை."

"சரிக்கா, கன்னுங்களுக்கு என்ன போடுறது?" என்றாள் மூக்கி.

"இன்னொரு தரம் பாறைக்குப் போய்ப் பார்ப்போம்" என்றாள் வளைகொம்பி.

அடுத்த தடவை பாறைக்குப் போனபோது அவள் ஒரு யுக்தி செய்தாள். பேசத்தான் கூடாது. காட்டலாமே. உப்புக் குவியலின் உச்சியில் பச்சைப் பசேலென்ற அலையாத்திக் கொத்து ஒன்றைச் செருகினாள். 'இந்த மரத்தைக் காப்பாற்றுவதால்தான் எங்கள் உப்புக்கு இந்த விலை' என்று அதற்கு அர்த்தம்.

மலையிலிருந்து ஒரு கடமான் வந்தது. கொத்தைப் பார்த்தது. கொசுறு என்று நினைத்துக்கொண்டு தின்றுவிட்டது. வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு, எதிரே அதே பாதிக் குவியலை வைத்துவிட்டுப் போயிற்று.

வளைகொம்பிக்குத் தொண்டை வரை பேச்சு வந்தது. "அடப் பாவி, அது தீனி இல்லை, எங்க நியாயம்" என்று கத்த வேண்டும் போல் இருந்தது. ஆனால் பாறையில் பேசுவதா? வழிப்போக்கரிடம் பெருமை பேசலாம்; வாங்குகிறவரிடம் போய் விலைக்குக் காரணம் சொல்வதா? கரையாருக்கு அது கௌரவக் குறைச்சல். விழுங்கிக்கொண்டாள். உப்பு மறுபடியும் வீடு திரும்பியது.

திரும்பி வந்த உப்பை மேட்டில் அம்பாரமாகக் குவித்தார்கள். மேலே பனையோலை போர்த்தினார்கள். வாங்குவோர் இல்லை என்று பாத்தியில் வேலையை நிறுத்தவும் வளைகொம்பி விடவில்லை. தரையை அதே மாதிரி மிதித்தார்கள். சேறு இல்லாத அதே உப்பு வந்தது. அம்பாரம் வளர்ந்தது. எருமைகள்தான் இளைத்தன.

சித்திரை வெயிலில் கருமணி படுத்தது. எழுந்திருக்கவில்லை. வளைகொம்பி அதன் பக்கத்தில் நின்று நிழல் கொடுத்தாள். கொடுக்க அவளிடம் அது ஒன்றுதான் இருந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. 'நம் மிடுக்குக்கு இந்தக் கன்றா விலை' என்று நினைத்தாள். காட்டைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும்; மூக்கி கூட்டத்தோடு தயாராக இருக்கிறாள்.

அப்போது சேற்றுக்குள்ளிருந்து ஒற்றைக்கையன் ஏறி வந்தான். கொடுக்கில் ஒரு கிளை. அவனைவிடக் கிளை பெரிசு. முன்னால் ஓரடி வருவான், பின்னால் இரண்டடி சறுக்குவான்.

"தங்கச்சி, இதைத் தின்னு பாரு."

"அலையாத்தியா?"

"அந்தக் கடமான் சப்புக்கொட்டித் தின்னுச்சுன்னு நீதானே சொன்னே. மலை முழுக்கப் புல்லு தின்னவன் வாய்க்கே பிடிச்சுதுன்னா உங்களுக்கு என்ன குறைச்சல்?"

வளைகொம்பி ஒரு வாய் கடித்தாள். இலை தடிப்பாக இருந்தது. உப்பும் கரித்தது. ஆனால் பச்சை. சாறுள்ள பச்சை. சித்திரையில் அந்தக் கரையில் வேறெங்கும் இல்லாத பச்சை. காலம் காலமாகக் காட்டைத் தொடக் கூடாது என்று மட்டுமே தெரிந்துவைத்திருந்த எருமைகளுக்கு, அதை மேயலாம் என்று தோன்றியதே இல்லை.

"ஆனா ஒரு ஏற்பாடு" என்றான் ஒற்றைக்கையன், கொடுக்கை ஆட்டியபடி. "கீழ்க்கிளை இலை உங்களுக்கு. வேரும் குருத்தும் எங்களுக்கு. மேஞ்ச மரத்தை மறுபடி தழைக்கிற வரைக்கும் தொடக் கூடாது. மூக்கிகிட்ட ரெண்டு தரம் சொல்லு."

மூக்கியிடம் மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அவள் மடியில் பால் ஊறியதும் அவளே மற்றவர்களை அதட்ட ஆரம்பித்துவிட்டாள். "ஏய், குருத்துல வாய் வைக்காதே" என்று. கருமணி எழுந்து நின்றது. பிறகு தாயை முட்டிக் குடித்தது. எந்தக் காட்டால் உப்பு விலைபோகவில்லையோ, அந்தக் காடே அந்தக் கோடையில் அவர்களுக்குச் சோறு போட்டது.

ஐப்பசி வந்தது. ஒருநாள் காலையிலேயே வானம் இருண்டது. கடல் பொங்கிற்று. புயல் என்றால் அப்படி ஒரு புயல். கரையார் கன்றுகளோடு அம்பார மேட்டில் ஒண்டிக்கொண்டார்கள். பனை உயரத்துக்கு அலை எழுந்து வந்தது. காட்டுக்குள் நுழைந்தது. ஆயிரம் வேர்களுக்குள் அகப்பட்டு உடைந்து, நுரைத்து, கடைசியில் முழங்காலளவு தண்ணீராக மேட்டடிக்கு வந்து நின்றது. பூநாரைகள் சில கூடு இழந்தன. முன்வரிசை மரங்கள் பல சாய்ந்தன. கடலோரத்துப் பாத்திகளில் வண்டல் ஏறியது. ஆனால் வரப்புகள் நின்றன. அம்பாரம் நின்றது. கன்றுகள் எல்லாம் இருந்தன.

"பார்த்தீங்களா என் வரப்பை" என்றான் ஒற்றைக்கையன். அன்று யாரும் அவனைக் கிண்டல் செய்யவில்லை.

நீர்க்காகம் நான்கு நாள் கழித்து வந்தான். இறக்கையை விரிக்கக்கூட இல்லை. "மணல்முனை இல்லம்மா" என்றான். "பாத்தியும் இல்லை, வரப்பும் இல்லை. வெறும் கடல். பன்னிங்க உசுரோட தப்பிச்சு மேட்டுப்பக்கம் ஓடிடுச்சு."

தேன்மலையில் கையிருப்பு உப்பு மார்கழிவரை வந்தது. பிறகு தீர்ந்தது. மான்கள் பழைய எலும்பைக் கடித்தன. யானைகள் மண்ணைத் தோண்டி நக்கின. குட்டிகள் தடுமாறின.

தை பிறந்ததும் நீர்க்காகம் மறுபடியும் வந்தான். இந்தத் தடவை பழைய தோரணை திரும்பியிருந்தது. "தலைவியம்மா, பாறையில் போய்ப் பாருங்க. மலையார் நீங்க வர்றதுக்கு முன்னாடியே தீவனத்தைக் கொட்டிட்டாங்க. எவ்வளவு உயரம் தெரியுமா? யானை முதுகு உயரம். ஆனா தொட்றாதீங்க. தொடாம நின்னீங்கன்னா இன்னும் கொட்டுவாங்க. வழக்கம் உங்க பக்கம். இனிமே நீங்க வெச்சதுதான் விலை."

எருமைகளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. "நம்ம கன்னு காய்ஞ்சு கிடந்தப்ப அவங்க திரும்பிப் பார்த்தாங்களா?" என்றாள் மூக்கி. வளைகொம்பிக்கும் உள்ளுக்குள் எரிந்தது. எரியாது என்று சொன்னால் பொய். மலையார் தீவனத்தை அள்ளிக்கொண்டு போன அந்த மாலையை அவள் மறக்கவில்லை.

உப்புக் கூடைகளோடு பாறைக்குப் போனார்கள். நீர்க்காகம் சொன்னது சரிதான். பலாவும் புல்லும் நெல்லியும் மலை மாதிரி குவிந்து கிடந்தன. மலையார் தூரத்தில் நின்றார்கள். முன்னால் நின்றது தழைக்காதி, தேன்மலைக்குத் தலைவியான கிழட்டு யானை. அவளுடைய பேரக்குட்டி ஒன்று கூட்டத்திலிருந்து நழுவி வந்து, வழக்கமாக உப்புக் குவிக்கும் இடத்தில் வெறும் பாறையை நக்கிக்கொண்டிருந்தது.

வளைகொம்பி அதைப் பார்த்தாள். சித்திரை வெயிலில் படுத்துக்கிடந்த கருமணி ஞாபகம் வந்தது. கூடையை இறக்கினாள். உப்பைக் கொட்டினாள். குட்டி அவள் காலடியிலேயே நின்று நக்க ஆரம்பித்தது. உப்பு எருமையின் முழங்கால் உயரத்துக்கு வந்ததும் "போதும்" என்று கொம்பை அசைத்தாள்.

பிறகு மலையார் வைத்த குவியலுக்குப் போனாள். யானையின் முழங்கால் உயரம் எது என்று அவளுக்குத் தெரியும். அந்த அளவு மட்டும் எருமைகள் எடுத்துக்கொண்டன. மீதியை அப்படியே விட்டுவிட்டு நடந்தன. மூக்கிதான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, பலாப்பழ வாசனை அப்படி.

அப்போது பாறையில் அதுவரை கேட்காத ஒன்று கேட்டது. ஒரு குரல்.

"நில்லும்மா" என்றாள் தழைக்காதி.

இரண்டு நாட்டாரும் திகைத்து நின்றார்கள்.

"வழக்கத்தை மீறிட்டேன். பேரம் முறிஞ்சா முறியட்டும். எனக்குப் பதில் தெரியணும். நாங்க கொட்டினது எல்லாம் உனக்குத்தான். ஏன் விட்டுட்டுப் போறே?"

வளைகொம்பி திரும்பினாள். பாறையின் நடுவில் வந்து நின்று, தலையை நிமிர்த்திச் சொன்னாள்.

"பெரியம்மா, எங்க உப்புக்கு ஒரு உயரம் இருக்கு. போட்டிக்கு ஆள் வந்தப்ப அதை நாங்க குறைக்கலை. உங்களுக்கு வேற வழி இல்லைன்னு இப்ப கூட்டவும் மாட்டோம்."

"அப்போ பன்னிங்க பாதிக்குக் குடுத்தாங்களே. அதே உப்பு. மீதிப் பாதி எங்க போச்சு?"

"அந்த மீதிப் பாதியைக் குடுத்தது அவங்க காடு. அப்புறம் அவங்க கிணறு. அப்புறம் உங்க ஆத்தோர மூங்கில். எல்லாம் குடுத்து முடிஞ்சப்புறம் கடல் வந்து மொத்தக் கணக்கையும் முடிச்சிடுச்சு. எங்க விலையில் எங்க காட்டோட பங்கும் சேர்ந்திருக்கு. அந்தக் காடு நின்னதாலதான் இன்னிக்கு உங்க பேரக்குட்டி நக்குறதுக்கு உப்பு இருக்கு."

தழைக்காதி காதை ஆட்டுவதை நிறுத்திவிட்டாள். "இதை ஏம்மா அப்பவே சொல்லலை?"

வளைகொம்பிக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. "சொல்றது எங்களுக்குக் கௌரவக் குறைச்சல்னு நினைச்சோம். ஒரு கொத்து இலையைச் செருகி வெச்சேன். உங்க கடமான் தின்னுட்டுது."

கூட்டத்தில் கடமான் யானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. தழைக்காதி சிரித்தாள். யானை சிரித்தால் பாறையே அதிரும். எருமைகளும் சிரித்தன. எந்தக் காலத்துச் சண்டைக்கோ பயந்து மூடிய வாய்கள் அன்று திறந்தன.

"பழைய பேரம் முறிஞ்சு போச்சு. புதுசா பேசுவோம். உனக்கு என்ன வேணும், கேளு" என்றாள் தழைக்காதி.

"அதே முழங்கால் அளவு போதும். கூட ஒண்ணே ஒண்ணு. ஆத்தோர மூங்கிலை விட்டுடுங்க. கரை பிடிச்சு நின்னாத்தான் ஆறு தெளிஞ்சு வரும். அந்த நல்ல தண்ணி வந்து கலந்தாத்தான் எங்க அலையாத்தி தழைக்கும். உங்க மூங்கில் இல்லாட்டி எங்க காடு இல்லை. எங்க காடு இல்லாட்டி உங்களுக்கு உப்பு இல்லை."

"ஒத்துக்கிட்டோம்" என்றாள் தழைக்காதி. அந்த வருஷமே வெட்டிய இடமெல்லாம் மூங்கில் நடச் சொன்னாள். கடமானுக்கு முதல் வரிசையில் வேலை.

சில நாளில் கோரையன் தன் கூட்டத்தோடு உவர்க்கரைக்கு வந்தான். வயிறு குலுங்கவில்லை; குலுங்க வயிறே இல்லை. "ஒரு ஓரமா ஒரு பாத்தி குடுங்க. பொழைச்சுக்குறோம்" என்றான், தரையைப் பார்த்தபடி.

ஒற்றைக்கையன் முன்னால் வந்தான். எல்லாரும் அவன் ஏதோ குத்தலாகச் சொல்லப்போகிறான் என்று நினைத்தார்கள். அவன் தன் பின்னால் கிடந்த கூடையைக் கொடுக்கால் தள்ளினான். உள்ளே புயலில் உதிர்ந்த அலையாத்திக் காய்கள், முளைவிட்டு இருந்தன.

"பாத்தி இல்லை தம்பி. இது இருக்கு. மணல்முனையில் கடல் வத்துற இடத்துல இருந்து நட்டுக்கிட்டே வாங்க. தோண்டுறதுல உங்களை அடிச்சுக்க ஆள் இல்லை. எங்க சனத்துல கொஞ்சம் பேரை வரப்புக்கு அனுப்புறேன். என் மச்சானைத் தவிர."

பன்றிகள் நட்டன. ஒரு காலத்தில் பிடுங்கிய அதே மூக்கால் குழி பறித்து நட்டன. காடு நிமிர நாளாயிற்று. நிமிர்ந்தபின் மணல்முனையிலும் உப்பு விளைந்தது. கொஞ்சமாகத்தான் விளைந்தது. பாறையில் அதையும் எருமையின் முழங்கால் உயரத்துக்குத்தான் குவித்தார்கள்.

கருமணி வளர்ந்து பெரிய எருமையாகி, முதல் கூடையைச் சுமக்கும் காலம் வந்தது. பாறையில் உப்பைக் கொட்டிவிட்டு அது விலகி நிற்காது. பக்கத்திலேயே நின்று, கொம்பை உயர்த்தி, மலையாரைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லும்: "எங்க கரை உப்பு. ஒரு பொட்டுச் சேறு காட்டுங்க பார்ப்போம்."

நிலத்தையும் நீரையும் அழித்துக் குறைத்த விலை மலிவு ஆகாது. தன் மண்ணைக் காத்து விளைத்ததை நியாயமான விலைக்கு, வாய் திறந்து சொல்லி விற்கும் நாடே எந்த நாட்டின் முன்னும் தலைநிமிர்ந்து நிற்கும்.